எட்டு மணிச் செய்தி

கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும் மேடம். தகடு மழுங்கலாக இருந்தால் வாங்கலாம். விரலைக் கீறினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ரிச்சி தெருவில் ஒரே மதியத்தில் பதினோரு கேபினெட்டில் நான் விரலை ஓட்டினேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்தக் கேபினெட்தான். ஆனால் எழுதிக்கொள்பவருக்குப் புரிய வேண்டுமே, அதனால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் பெயர் சுசீலா. என் கணவர் ஜேம்ஸ் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். முப்பது வருடம் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ஓய்வு பெற்றதும் வெள்ளானூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்தோம். ஒரே மகள் ஜெபா, கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் தவறாதவர், அவ்வளவுதான். காலை ஐந்து நாற்பதுக்குக் காப்பி. ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கழுவிக் கவிழ்ப்பார், அதுதான் எனக்குத் தாங்காது. பசிக்கிறது என்று ஜெபா சின்ன வயதில் அழுதால், "வயித்தைக் கேட்டுச் சாப்பிடக் கூடாது பாப்பா, மணியைப் பார்த்துச் சாப்பிடணும்" என்பார். குழந்தை மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டி.வி. கம்பெனியில் போர்டுக்கு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கை ஆடாது என்று லைனில் எனக்குப் பெயர். அந்த ஷிப்டு இவருடைய காப்பி நேரத்தோடு ஒத்துவரவில்லை. விட்டுவிட்டேன்.

வெள்ளானூருக்கு வந்த எட்டாவது மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சு கொஞ்சம் குழறலோடு தப்பியது. கண் பார்வையிலும் வலது பாதி போய்விட்டது. தட்டில் இடது பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போடவில்லையே என்று பார்ப்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். அது புதிதாகச் சோறு வந்ததுபோல் இருக்கும் அவருக்கு.

அறைக்கு ஒரே ஜன்னல். அதன் எதிரே பக்கத்து மனையில் கட்டிய கட்டடத்தின் சுவர். எனவே அவருக்கு மணி என்றால் டி.வி.தான். நாலு மணித் தொடரின் பாட்டு கேட்டால் காப்பி. எட்டு மணிச் செய்தி வந்தால் மாத்திரை, பிறகு இட்லி. ஒரு நாள் மருந்து மயக்கத்தில் தூங்கிப்போய் எட்டு மணிச் செய்தியைத் தவறவிட்டுவிட்டார். எழுப்பவில்லை என்று என்மேல் கோபம். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செய்தியைப் பிடித்து வைத்தால், அவர் விழிக்கிறபோது முதலிலிருந்து போடலாமே. நல்ல யோசனைதானே. நீங்களே சொல்லுங்கள்.

ரெடிமேடாகப் பதிவு செய்கிற பெட்டிகள் இருக்கின்றன. பார்த்தேன். அதைத் திறந்து பார்க்க முடியாது, அதற்குத் தோன்றியதைத்தான் அது செய்யும். எனக்கு நானே செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, பதினாலு தாள் ஆயிற்று. இட்லி மாவு புளித்துக்கொண்டிருக்கும், நான் யூடியூபில் மதர்போர்டு பார்த்துக்கொண்டிருப்பேன். புடவைக் கடையில் கூட எனக்கு இப்படி மயங்கி நின்று பழக்கமில்லை.

மதியம் அவர் தூங்கும் நேரத்தில் ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில், சென்ட்ரலில் இறங்கி நடை. ரிச்சி தெருவில் கோகுல்நாத் என்பவரின் கடை. என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, புள்ளைக்கு கேம் ஆட்றதுக்கா?" என்றார்.

"எனக்கு. டி.வி. ரெக்கார்டு பண்ண."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூல் எடுத்து வந்து போட்டார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் இலேசாக இருந்தது மேடம். பிராசசர் பெரிதாக வேண்டாம், சூடாகாமல் இருந்தால் போதும் என்றேன். நோயாளி படுத்திருக்கும் அறை, ஃபேன் சத்தமே கேட்கக் கூடாது, பெரிய ஃபேனாக மெதுவாகச் சுற்றுவதாக வேண்டும் என்றேன். கேபிள் பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை வாங்கிக்கொள்கிற கேப்சர் கார்டில் மூன்று வகை எடுத்துப் போட்டார். மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து சால்டரிங்கைப் பார்த்தேன். ஒன்றில் கால் சரியாக உட்காரவில்லை. "இதுல டிரை ஜாயிண்ட் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். கோகுல்நாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எக்கா, நீ இன்னாக்கா பண்ணிக்கினு இருந்த இம்மா நாளா?"

காப்பி போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஹார்ட் டிஸ்கில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. சாதாரண டிஸ்க் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடும். கேமரா வைத்த கடைகளில் இராப்பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் டிஸ்க் ஒன்று உண்டு, அதுதான் வேண்டும் என்றேன். அது சரி என்றார். ஒரு டெராபைட் போதும் என்றார். நான் நாலு கேட்டேன்.

"தினம் ஒரு செய்தி புடிக்க நாலா? ஊரையே புடிச்சி உள்ள போட்டுக்கப் போறியா?"

நான் இருக்கட்டும் என்றேன். அன்றைக்கே ஏதாவது திட்டம் இருந்ததா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை மேடம். பெரிதாக வாங்க ஆசையாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பூட்டினேன். பட்டனை அழுத்தியதும் ஒரே ஒரு பீப் சத்தம். எல்லாம் சரி என்று அர்த்தம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையலறையில் நின்று சிரித்தேன். "என்னடி சத்தம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "குக்கர்" என்றேன்.

இயந்திரம் அற்புதமாக வேலை செய்தது. எட்டு இருபதுக்கு விழித்தார் என்றால் அந்த நிமிடம் செய்தி முதலிலிருந்து தொடங்கும். திரையில் மணி காட்டுகிற எண்கள் வலது மூலையில் இருக்கின்றன, அந்தப் பாதி அவருக்குக் கிடையாது. இது பதிவு செய்தது என்று அவருக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்ல வாய்ப்பு வரவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள், இயந்திரமே சேனல் மாற்றிக்கொள்வதற்காக, ரிமோட் நுனியில் இருக்குமே அந்த மாதிரிச் சின்ன எல்.இ.டி. ஒன்று வாங்கப் போனேன். திரும்பும்போது நல்ல மழை. ரயில் அன்னனூரிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து பத்து. நாலு மணிக் காப்பி. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். டி.வி. அணைந்திருந்தது. ரிமோட் அவர் கைக்கு எட்டாது.

இயந்திரம் பிடித்து வைத்திருந்த நாலு மணித் தொடரை எடுத்து அதன் பாட்டிலிருந்து போட்டேன். காப்பியைக் கலந்து கொண்டுபோய் நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தார். "நாலுன்னா டாண்ணு நாலு" என்றார். "இப்பதான்டி வழிக்கு வந்திருக்க."

முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து கூடத்தில் நின்றேன். என் கையில் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணி பத்து நிமிடம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், மொட்டை மாடிக்குப் போய் மழையில் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு பழக்கமாகிவிட்டது. அவருக்கு ஒரு நாள் என்பது ஆறேழு அடையாளங்கள்தான். காலைப் பக்திப் பாடல், காலைச் செய்தி, மதியத் தொடர், நாலு மணி, எட்டு மணி, பிறகு விளக்கணைப்பு. இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் எவ்வளவு பாட்டும் படமும் வேண்டுமானாலும் செருகலாம். அட்டவணை போட்டு ஏற்றிவிட்டால் இயந்திரமே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும், நான் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஜூலையில் அவருடைய நாள் முப்பது மணி நேரம் ஆனது. ஆகஸ்டில் முப்பத்தாறு. அதற்குமேல் நான் போகவில்லை. எதற்கும் ஓர் அளவு வேண்டும்.

எதிரே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தை இயந்திரம் வைத்த அன்றைக்கே வலப்பக்கச் சுவருக்கு மாற்றியிருந்தேன். கழற்றவில்லை, மாற்றினேன். ஏ.சி. போட்டு, குளிர் போகாமலிருக்க ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன்.

இராத்திரியை நீட்டுவது இன்னும் சுலபம். டி.வி.யையும் விளக்கையும் அணைத்துவிட்டால் போதும். அவருடைய இராத்திரியிலோ, நடுவில் செருகிய படங்கள் ஓடும் நேரத்திலோ நான் வேலைக்குப் போனேன். ஆமாம் மேடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன யூனிட், எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் டிரைவர் போர்டு செய்கிறவர்கள். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. முதல் நாள் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததும் அந்தப் புகை வாசம் வந்தது. பக்கத்து மேஜைப் பெண்கள் எல்லோரும் என்னைவிட இருபது வயது சின்னவர்கள். பத்தரைக்கு டீயும் வடையும் வரும். நான் பேசியதற்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவ்வளவு வேடிக்கையாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வீடு வரை பாடிக்கொண்டு வருவேன்.

அவர் சிரமப்பட்டாரா என்று கேட்கிறீர்கள். ஆரம்பத்தில் பசிக்கிறது என்பார். "இப்பதானே சாப்பிட்டீங்க, டி.வி.யைப் பாருங்க, மணி பத்துதான் ஆகுது" என்பேன். டி.வி.யைப் பார்ப்பார். அப்புறம் கேட்க மாட்டார். வயிற்றைவிட மணியைத்தான் அவர் நம்பினார், அது அவருடைய கொள்கை. இருட்டில் விழித்துப் படுத்திருந்துவிட்டு, நான் விளக்கைப் போட்டதும், "விடியவே மாட்டேங்குது சுசீ" என்பார். வயசானால் அப்படித்தான் என்பேன். முதுகில் புண் வந்தது. மருந்து போட்டேன். படுக்கை விரிப்பைத் தினமும் காலையில் மாற்றினேன். அவருடைய காலையில்.

தீபாவளி வந்தது. வெளியே வெடி வெடித்தார்கள். அவருக்கு அப்போது செப்டம்பர் முடியவில்லை. என்ன சத்தம் என்றார். யாரோ கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஜெபா வீடியோவில் வந்தாள். வாரா வாரம் அப்பா தூங்குகிறார் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு முடியவில்லை. "ஹேப்பி கிறிஸ்துமஸ்ப்பா" என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிறிஸ்துமஸா? இன்னும் தீபாவளியே வரலையே பாப்பா."

ஜெபாவின் முகம் மாறிவிட்டது. நான் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, "கொஞ்ச நாளா இப்படித்தான். டாக்டர் ஞாபக மறதின்னு சொல்றாரு" என்றேன். அழுதாள். நானும் அழுதேன். உள்ளே போனபோது அவரும் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், இடது கையில்.

"நான் கணக்கு வெச்சிருந்தேன் சுசீ. ஒரு நாள்கூட விடல. எங்கயோ தப்பிடுச்சு. எனக்கு மூளை கலங்கிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எங்களுக்குள் இருந்த நெருக்கம் முப்பத்தொரு வருடத்தில் இருந்ததில்லை. இதை நான் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவர் தேதியைக் கேட்பதில்லை. நான் சொல்வதுதான் தேதி.

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தேன். குளித்தேன், காப்பி கலந்தேன், காலைப் பக்திப் பாடலைப் போட்டுவிட்டு விளக்கைப் போட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உடம்பு குளிர்ந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாவது முறை வந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜெபா வந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, வீட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் யாரோ அறையில் இருந்த டி.வி.யைப் போட்டார்கள். அட்டவணைப்படி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம். எல்லோரும் முதலில் சிரித்தார்கள். ஜெபா மட்டும் அங்கேயே நின்று வெகுநேரம் பார்த்தாள். "ஏம்மா இது தீபாவளி போடுது?" என்றாள்.

எனக்குச் சொல்ல ஆசையாக இருந்தது மேடம். அத்தனை மாத உழைப்பு. கோகுல்நாத்துக்குக்கூட நான் சொன்னதில்லை. கேபினெட்டைத் திறந்து காட்டினேன். டிஸ்க், ஃபேன், கார்டு, அட்டவணை எல்லாம் சொன்னேன். அவள் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெண், ரசிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் மருந்து டப்பாவைத் திறந்தாள். டாக்டர் சீட்டுப்படி மாதா மாதம் நான் வாங்கி வைத்த மாத்திரை. மீந்த அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

மாத்திரையில் நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காலைச் செய்தியோடு இரண்டு, எட்டு மணிச் செய்தியோடு மூன்று. டாக்டரிடம் நான் கேட்டதும் உண்மைதான், நீங்கள் விசாரித்திருப்பீர்கள். ஆகஸ்டில், ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனபோது கேட்டேன். பிரஷர் மாத்திரை இருபத்துநாலு மணி நேரம்தான் காக்கும், தள்ளிப்போட்டால் மறுபடி வந்துவிடும், வந்தால் தாங்க மாட்டார் என்றார். தெளிவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, அன்றைக்குத்தான் முப்பதை முப்பத்தாறு ஆக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நேரம்தான் வேண்டும் என்றால் ஒரு நர்ஸ் வைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஜெபாவும் அதையேதான் கேட்டாள், சம்பளமும் அவளே கொடுப்பதாக ஜூலையிலேயே சொன்னாள். பார்க்காமல் இல்லை மேடம். பூந்தமல்லியிலிருந்து ரேணுகா என்று ஒருத்தி வந்தாள். ஐயப்பன்தாங்கலிலிருந்து வித்யா வந்தாள். இரண்டு பேரும் நல்ல பொறுப்பான பெண்கள், பேசும்போதே தெரிந்தது. ஆனால் இரண்டு பேரும் கையில் வாட்ச் கட்டியிருந்தார்கள்.